பீடோங் கிணற்றில் கெராங் ஓடு: கடல் இவ்வளவு தூரம் வந்ததா?

கேள்வி: 28 ஜனவரி 2023, மாலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் சடக்கில் தாழ்வான பக்கம் எங்கள் தோட்டம். தாத்தா காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). திருவிழாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கோயிலுக்குப் பின்னால் கிணறு தோண்டினோம். கொஞ்சம் ஆழம் போனதும் சாம்பல் நிறச் சேறு, அதற்குள் கெராங் என்கிற சிப்பியின் ஓடுகள். கடலுக்கு இங்கிருந்து காரில் போனாலே அரை மணி நேரம் ஆகும். ராஜேந்திர சோழன் கப்பலை நிறுத்திய இடம் இதுதான் என்று எங்கள் பழைய தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) சொல்கிறார். கோயிலில் ஒரு பலகை வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு ஓடுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

28 ஜனவரி, இரவு 10.40

பலகை வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

ஆய்வகத்தில் உதவியாளராக இருபத்தாறு ஆண்டு சேறு சுமந்தவள் நான். ஆறு கடலில் விழும் இடங்களில் சேறு எடுப்பது, காயவைப்பது, சலிப்பது, எடை போடுவது, இதுதான் பிழைப்பு. பட்டம் கிடையாது. நகக்கண்ணில் சேறு உண்டு.

தோட்டத்து மண்ணில் கெராங் ஓடு கிடைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நான் பிறந்த லயத்தில் சம்பளம் போட்ட வாரம் கெராங் அவிக்காத வீடு இருக்காது. ஓடெல்லாம் பின்பக்கத்து வடிகாலுக்குப் போகும், அல்லது சேறான பாதையில் கொட்டி மிதிக்கப்படும். ஐம்பது வருடம் கழித்து யாராவது தோண்டினால் அங்கேயும் ஒரு சோழன் வருவான்.

தம்பி, எத்தனை அடி ஆழம் என்று சரியாகச் சொல்லுங்கள். ஓடுகள் தனித்தனியாகக் கிடந்தனவா, இரண்டு பாதியும் மூடிய ஜோடியாகவா? விளிம்பு தேய்ந்திருக்கிறதா? சேறு நாறியதா?

30 ஜனவரி

சரி, வாயை மூடிக்கொள்கிறேன். தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு சமையலறைக் கதை நிற்காது. ஆழம் இரண்டரை மீட்டர். ஓடுகள் ஜோடி ஜோடியாக மூடியபடி, உள்ளே சேறு நிரம்பி இருக்கின்றன. வரிகளின் முனை கூடத் தேயவில்லை.

கெராங்கைத் தின்றவன் மூடியா போடுவான்? திறந்து தின்பான், பாதி ஓடு ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். அலை உருட்டிக்கொண்டு வந்ததும் அப்படித்தான்: கீல் அறுந்து தனித்தனியாகும், விளிம்பு மழுங்கும். மூடிய ஜோடி என்றால் அது வாழ்ந்த சேற்றிலேயே செத்து, மேலே மேலே சேறு விழுந்து புதைந்திருக்கிறது. யாரும் கொண்டுவந்து போட்டதல்ல.

கெராங் எங்கே வாழும் என்று சந்தையில் வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. ஆழ்கடலில் அல்ல, மணல் கரையிலும் அல்ல. ஆற்று வாய்க்கு வெளியே, தண்ணீர் வற்றும்போது வெயில் காணும் மென்மையான சேற்றுப் பரப்பில். ஆகவே உங்கள் கோயிலின் பின்புறம் ஒரு காலத்தில் கடல் என்று சொல்வதைவிட, கடலுக்கும் கரைக்கும் நடுவில் எதுவும் முடிவாகாத இடமாக இருந்தது என்று சொல்லலாம். தமிழில் இதற்குச் சொல் பஞ்சமில்லை: கழிமுகம், பொழிமுகம், கயவாய், முகத்துவாரம். மலாயில் ஒரே சொல், கோலா. சின்ன ஆறு பெரிய ஆற்றில் சேர்ந்தாலும் கோலா, கடலில் சேர்ந்தாலும் கோலா. கோலாலம்பூரின் லம்பூர் சேறுதான், அது எல்லோருக்கும் தெரியும்.

கெராங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? அதுதான் முக்கியம். ஓடுகளை மட்டும் பார்த்துவிட்டுக் குழியை மூடிவிடாதீர்கள்.

31 ஜனவரி

நாற்றம் பற்றிக் கேட்டிருந்தேன். அழுகிய முட்டை நாற்றம் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அபிஷேகத்துக்கும் யோசியுங்கள்.

அலையாத்திக் காட்டுச் சேற்றில் காற்று இறங்காது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுக்குக் கடல்நீரிலுள்ள சல்பேட்டை எடுத்துக்கொள்கின்றன. கந்தகம் சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிறது. ஈரமாகப் புதைந்து கிடக்கும்வரை அது சாது. தோண்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலம். வெளியே கொட்டிய சேற்றை இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள், பழைய வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டு வரும். பிஎச் 3.5-க்கும் கீழே போகும், புளித்தண்ணீர் மாதிரி.

தோட்டத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான், பெயர்தான் தெரியாது. கடலோரத் தோட்டங்களில் செம்பனை மஞ்சளாகி நிற்கும் பக்கம், வடிகாலில் துருச் சிவப்பாகத் தண்ணீர் ஓடும் பக்கம், அதெல்லாம் இந்த மண். அதனால்தான் அங்கே வடிகாலை ஆழமாக வெட்டவிடாமல், தண்ணீர் மட்டம் அந்தச் சேற்று அடுக்குக்கு மேலேயே நிற்கும்படி மதகு வைத்துக் காப்பார்கள்.

இன்னொன்று. சாதாரண சிமெண்ட் வளையத்தை இந்த மண் தின்றுவிடும். கமிட்டியிடம் இப்போதே சொல்லுங்கள்.

6 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். பினாங்கில் கூட்டத்தில் நசுங்குவதற்குப் பதிலாக இன்று தஞ்சோங் டாவாய் போனேன், மெர்போக் ஆற்றின் வாய். பூசம் பௌர்ணமியில் வருகிறது. பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் பாசாங் (கடல் ஏற்றம்) பெரிது, சூருட் (கடல் வற்று) அதுவும் பெரிது. சேறு பார்க்க வேண்டுமென்றால் முருகன் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

இந்தத் திரியில் ஒருவர் கேட்டது மனதில் இருந்தது: "ஆறு சேற்றைக் கடலுக்குக் கொண்டு போகிறது, சரி. ஏன் வாயிலேயே போட்டுவிடுகிறது? நடுக்கடல் வரை கொண்டு போகலாமே?" நல்ல கேள்வி. நானே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத்தான் இதைக் கேட்டேன்.

வேகம் குறைவதால் விழுகிறது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். மணலுக்கு அது சரி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள மணல் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். களிமண் துகள் அப்படியில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு உள்ள துகளுக்கு அதே ஒரு மீட்டர் கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம். 1851-இல் ஸ்டோக்ஸ் போட்ட கணக்கு: பருமன் பாதியானால் வேகம் பாதியல்ல, கால் பங்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திசை மாறும் தண்ணீரில் மூன்று நாள் பொறுமையாக இறங்க எந்தத் துகளுக்கு முடியும்?

உப்புதான் காரணம். களிமண் துகள்கள் எல்லாம் எதிர் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வரும், மாமியாரும் மருமகளும் ஒரே பேருந்தில் வருகிற மாதிரி. உப்புநீர் பட்டதும் அந்தத் தள்ளல் அடங்கிவிடுகிறது. ஒட்டிக்கொள்கின்றன, பஞ்சுத் திரள் மாதிரி பெரிதாகின்றன, விழுகின்றன. இதற்கு முழுக் கடல் உப்பு வேண்டாம். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு போதும். கடலில் 30-க்கு மேல் இருக்கிறது. ஆக, ஆறு கடலை முழுதாகப் பார்ப்பதற்கு முன்னாலேயே சேறு திரளத் தொடங்கிவிடுகிறது.

வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில், மழைத்தண்ணீர், ஒரு பிடி களிமண். ஒன்றில் மட்டும் உப்பு. கலக்கி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், விழுந்தது கிடப்பதுமில்லை. நன்னீர் இலேசு, மேலே போகும். உப்புநீர் கனம், அடியில் உள்ளே ஊர்ந்து வரும். கீழே விழுந்த சேற்றை அடிநீர் மறுபடி ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு வருகிறது. மேலே வெளியே, கீழே உள்ளே. நடுவில் ஒரு இடத்தில் சேறு வட்டமடிக்கிறது. ஆற்றில் படகில் போனால் அந்த இடம் வந்ததும் தண்ணீர் தேத்தாரே (பால் டீ) மாதிரி ஆகிவிடும், இரண்டு பக்கமும் அதைவிடத் தெளிவாக இருக்கும்.

7 பிப்ரவரி

ஒருவர் செய்து பார்த்து "இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி தெளிந்துவிட்டது, அக்கா புளுகுகிறார்" என்று எழுதியிருக்கிறார். எங்கே எடுத்த மண் என்று கேட்டேன். கிணற்றுச் சேறாம்! ஐயா, அதிலேயே பழைய உப்பு இருக்கிறது. மேட்டு மண் எடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும், ஊறுகாய் போட வேண்டாம்.

12 பிப்ரவரி

தோட்ட அலுவலகத்தின் பழைய வடிகால் வரைபடத்தைத் தம்பி தேடிப் பிடித்துவிட்டார். கோயில் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து நான்கு மீட்டர். இந்த ஒரு எண் வந்ததும் கதை மாறுகிறது.

கணக்குப் போடுவோம். தரை நான்கு மீட்டர், கெராங் இரண்டரை மீட்டர் கீழே. ஆகவே ஓடுகள் இன்றைய சராசரிக் கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே கிடக்கின்றன. கெராங் மேட்டில் வாழாது. தண்ணீர் பாதி நாளாவது மூடியிருக்க வேண்டும். அப்படியென்றால் அது உயிரோடிருந்தபோது கடல் இன்றைவிட ஒன்றரை மீட்டராவது உயரமாக இருந்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு காலம் இருந்தது. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. மலாக்கா நீரிணையே கிடையாது, சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறியது, ஏறி இன்றைய மட்டத்தையும் தாண்டியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தீபகற்பத்தின் கரையில் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. மேற்குக் கரையில் தாழ்வான நெல்வயல், தென்னந்தோப்பு, செம்பனை என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அந்த இறக்கத்தில் பிறந்த நிலம்.

ராஜேந்திரன் படை வந்தது 1025. கடாரம், அதாவது நம் கெடா, கொண்ட செய்தி தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1025-இல் கடல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இல்லை, அதற்குள் பெருமளவு இறங்கிவிட்டது. தண்டல் ஐயாவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் உங்கள் கெராங் சோழனுக்குச் சில ஆயிரம் ஆண்டு மூத்தது.

"அப்படியானால் சுங்கை பத்துவில் படகுத்துறை எப்படி?" என்று இன்னொருவர். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே செம்பனைக்கு நடுவே செங்கல் படகுத்துறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் 2009-இலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. காலம் பற்றிய வாதம் தனி, அதில் நான் விழ விரும்பவில்லை. ஆனால் துறை கடலோரத்தில்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? பாசாங் ஏறுகிற ஓடை போதும். தண்ணீர் ஏறும்போது படகு உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும், துடுப்புகூட அதிகம் வேண்டாம். கடல் பின்வாங்கிய பிறகும் ஓடைகள் வெகுகாலம் திறந்திருந்தன. பிறகு அவையும் அடைந்தன. பெங்காலான் பூஜாங் என்ற ஊர்ப் பெயரைப் பாருங்கள். பெங்காலான் என்றால் படகுத்துறை. இன்று அங்கே போய்ப் படகு விட்டுப் பாருங்கள்.

நம் கொற்கையும் அப்படித்தான். தாமிரபரணி வாயில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, ஊர் உள்நாட்டுக்குப் போய்விட்டது. ஊர் நகரவே இல்லை, கடல்தான் நகர்ந்தது. அடுத்து காயல் எழுந்தது, அதையும் வண்டல் விடவில்லை.

13 பிப்ரவரி

பூலாவ் சாயாக் நினைவுக்கு வந்தது. பூலாவ் என்றால் தீவு. நான் அங்கே காரில் போய் நெத்திலி பொரித்துத் தின்றுவிட்டு வந்தேன்.

19 பிப்ரவரி

"அக்கா, சேற்றில் மேல் கீழ் பார்த்துத்தான் எல்லாம் சொல்கிறீர்கள், தப்பாகாதா?" ஆகும். ஆயிருக்கிறது. என்னால்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். அலையாத்திக்குள் சேறு எடுக்க மூன்றங்குல பிவிசி குழாய் கொண்டு போவோம். நேராக அழுத்தி, மரச்சுத்தியால் தட்டி இறக்கி, மேல் வாயை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு இழுத்தால், ஸ்ட்ராவை விரலால் மூடித் தூக்குகிற மாதிரி சேறு உள்ளேயே நின்று வரும். சொல்வது சுலபம். இடுப்பு வரை சேற்றில் நின்று இழுக்கும்போது வருவது குழாயா நம் காலா என்று சந்தேகமாக இருக்கும். சூருட் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் இன்னும் அவசரம்.

அன்று குழாயின் ஒரு முனைக்குச் சிவப்பு டேப், மறுமுனைக்குக் கறுப்பு. சிவப்பு மேல் என்று எடுத்தவர் சொன்னாராம். கறுப்பு மேல் என்று நான் கேட்டேன். ஆய்வகத்தில் அப்படியே நெடுக்காகப் பிளந்தோம், எழுதினோம். அடியில் அலையாத்தி வேர், மேலே கெராங். அதாவது காடு இருந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஒரு மாதம் எல்லோரும் பரபரப்பாக இருந்தார்கள், வரைபடம் கூட வரைந்தாகிவிட்டது.

ஒரு நாள் அடிப்பகுதி மிச்சத்தைச் சலித்துக்கொண்டிருந்தேன். பல ஆயிரம் ஆண்டு பழையதாக இருக்க வேண்டிய சேற்றிலிருந்து ஒரு மிட்டாய்த் தாள் வந்தது.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். பிறகு பேராசிரியர் மேசையில் கொண்டு போய் வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

அதிலிருந்து குழாயில் அம்புக்குறி போடாமல் நான் கரையேறியதில்லை. இரண்டு அம்பு. பக்கத்தில் "மேல்" என்று தமிழிலும், "ஆத்தாஸ்" என்று மலாயிலும்.

20 பிப்ரவரி

மிட்டாய் என்ன பிராண்ட் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நன்றி.

சீரியஸாகக் கேட்ட ஒருவருக்கு: ஆமாம், குழாய் இறங்கும்போது சேறு அமுங்கும். வெளியே ஒரு மீட்டர் இறங்கியிருக்கும், உள்ளே எழுபது சென்டிமீட்டர்தான் நிற்கும். இழுப்பதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் அளக்க வேண்டும். அளக்காமல் எடுத்த குழாய் சமையலுக்கு உதவும், கணக்குக்கு உதவாது. போதாததற்கு நண்டு வேறு. சேற்று இறால் என்றொரு பிறவி, அடியிலிருந்து சேற்றைத் தோண்டி மேலே கோபுரம் கட்டும். கீழிருப்பது மேலே, மேலிருப்பது வளைக்குள் கீழே. என் டேப் வேலையை அது டேப் இல்லாமலே செய்கிறது.

26 பிப்ரவரி

தம்பி ஒரு புதுப் படம் போட்டிருக்கிறார்: குழிச் சுவரில், கெராங்குக்குக் கொஞ்சம் மேலே, விரல் தடிமனில் மணல் கோடு. அதைப் பார்த்து ஒருவர் "2004 சுனாமி" என்று முடிவே கட்டிவிட்டார்.

2004 டிசம்பர் 26 அன்று கோத்தா கோலா மூடாவில் அலை ஏறியதை நாம் மறக்கவில்லை. உடைந்த படகுகளை இன்றும் அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இருபது ஆண்டுகூட ஆகாத அலை உங்கள் கோயிலுக்கடியில் இரண்டு மீட்டர் ஆழத்தில் எப்படிப் போகும்? மேலே உள்ள பால்மரக் காலத்து மண்ணையெல்லாம் தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டதா?

சுனாமி மணல் கோடு விடும் என்பது உண்மை. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் 2004 மணலுக்குக் கீழே, சேற்று அடுக்குகளுக்கு நடுவில் இன்னும் பழைய மணல் தாள்கள் கிடைத்தன. அவற்றில் கடைசியானது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2008-இல் வெளியிட்டார்கள். ஆனால் மணல் கோட்டுக்குச் சுனாமி மட்டுமே காரணமில்லை. பெருவெள்ளம் போடும், புயலலை போடும். ஓடை ஒன்று இடம் மாறிப் போனால் அதன் அடிமணல் கோடாகக் கிடக்கும். இதுபோன்ற இடத்தில் நான் முதலில் ஓடையைத்தான் சந்தேகிப்பேன். கோலா மூடா பாசார் பிசிக்கில் மீன் விலையைக் காதோடு காதாகத்தான் சொல்வார்கள். ஒரு கோட்டைப் பார்த்து சுனாமி என்று சொல்வதென்றால் அந்த மாதிரிச் சொல்லுங்கள், மைக் வைத்துச் சொல்லாதீர்கள்.

5 மார்ச்

வயது எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பலர் கேட்டதால்.

பழைய ஓட்டுக்கு கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டு, இந்தக் கெராங் வயதுக்குப் பொருத்தமான அளவுகோல். ஒரு பிடி இருக்கிறது: கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் ஓடு தன் வயதைச் சில நூறு ஆண்டு கூட்டிச் சொல்லும். பெரும்பாலும் 400 ஆண்டு போலக் கழிப்பார்கள். வயதைக் கூட்டிச் சொல்கிற உயிர் உலகத்திலேயே கெராங் ஒன்றுதான் போலும்.

மேல் சேற்றுக்கு ஈயம்-210. காற்றிலிருந்து மழையோடு இறங்கிக்கொண்டே இருக்கும் கதிரியக்க ஈயம், 22 ஆண்டுக்கு ஒரு தடவை பாதியாகும். நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் போனால் அளக்க மிச்சமிருக்காது. இதைச் சொல்லிக் கொடுத்த அன்று எனக்கு வேறொன்று தோன்றியது. நூறு, நூற்றைம்பது ஆண்டு என்பது நாம் இங்கே வந்த காலம். அந்த அளவுகோல் எட்டுவது சரியாகத் தோட்ட வரலாறு வரைதான்.

அந்தச் சேற்றில் நாமும் இருக்கிறோம். முதல் ரப்பர் காலத்தில் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துவிட்டு, மரத்துக்கடியில் புல் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று சுத்தமாகக் களை எடுக்க வைத்தார்கள். களை இருந்தால் கங்காணிக்குத் திட்டு, கங்காணியிடமிருந்து பாட்டிக்குத் திட்டு. மழை வந்தால் மலையிலிருந்து "டீத்தண்ணி" இறங்கும் என்பார் பாட்டி. மேல் மண் போன பிறகுதான் துரைமார்களுக்குப் புரிந்தது. பிறகு பயறு வகைக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிட்டார்கள். அம்மா காலத்தில் அந்தக் கொடிக்குள் பாம்புக்குப் பயந்து நடந்தார்கள், அது வேறு கதை. பாட்டி கொத்திய மண் எங்கே போனது? மூடா ஆற்றில் போய் மெர்போக் வாயில் கிடக்கும்.

6 மார்ச்

நேற்று எழுதியதன் கடைசி வரி தப்பு. தூக்கக் கலக்கம் என்று சொல்லமாட்டேன், உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்.

மூடா வேறு, மெர்போக் வேறு. மூடா 180 கிலோமீட்டர் ஓடி, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக வந்து கோலா மூடாவில் விழுகிறது. மெர்போக்கின் வாய் அதற்கு வடக்கே தஞ்சோங் டாவாயில். மெர்போக்குக்குள் இறங்கும் நன்னீர் கொஞ்சம்தான். அது ஆறு என்பதைவிட, கடல் நிலத்துக்குள் நீட்டிய கை. பாட்டி இருந்த தோட்டம் ஜெராய் மலைக்குத் தெற்கே, அந்த ஓடைகள் மெர்போக்குக்குத்தான் போகின்றன. அதனால் பாட்டி மண் மெர்போக்கில் கிடக்கலாம், ஆனால் மூடா வழியாகப் போகவில்லை.

மூடாவின் கதை இப்போது தலைகீழ். மேலே 1960-களில் கட்டிய அணை மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, கீழே லாரி லாரியாக மணல் அள்ளுகிறார்கள். கடலுக்குப் போக வேண்டிய பங்கில் ஒரு பாகம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அப்புறம் கரை அரிக்கிறது என்று கல் கொட்டுவார்கள். இளைய ஆறு என்று பெயர், மூடா என்றால் இளமை. இந்த வயதிலேயே எலும்பு தேய்ந்துவிட்டது.

18 மார்ச்

நேரில் போய்விட்டு வந்தேன். தம்பி முகவரி கொடுத்தார், வீட்டில் இட்லி கொடுத்தார்கள், குழியில் ஏணி கொடுத்தார்கள்.

மேலே அறுபது சென்டிமீட்டர் பழுப்பு மண், அதில் பழைய ரப்பர் வேர். பிறகு சாம்பல் களிமண், மஞ்சள் கீற்று, துருப் பிடித்த வேர்க் குழல்கள். ஒன்றே கால் மீட்டருக்குக் கீழே நீலச் சாம்பல் சேறு, நார் நாராகப் பழுப்பு வேர்கள், நேராக நின்றபடி. பாக்காவ் (அலையாத்தி மரம்) வேர், சந்தேகமில்லை. ஜனவரியில் கேட்டேனே, கெராங்குக்கு மேலே என்ன என்று, அது இதுதான். மணல் கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து மறைகிறது, ஓடைதான். அதற்குக் கீழே கெராங்.

கீழிருந்து மேலே படியுங்கள்: சேற்றுப் பரப்பு, அலையாத்தி, நன்னீர்ச் சதுப்பு, தோட்டம். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவைதான் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் என்று 1894-இல் வால்தர் என்ற ஜெர்மானியர் சொன்னார். தஞ்சோங் டாவாய் சேற்றிலிருந்து கரையேறி, பாக்காவ் காட்டைத் தாண்டி, செம்பனைக்குள் நடந்து வந்தால் எதையெல்லாம் பார்ப்போமோ, அதையெல்லாம் அந்தக் குழியில் ஏணியில் ஏறிக்கொண்டே பார்த்தேன். இருபத்தாறு வருடம் குழாய்க்குள் பார்த்ததை முதல்முறையாக உள்ளே நின்று பார்த்தேன். கால் கொஞ்சம் நடுங்கியது. ஏணியும் சரியில்லை.

தண்டல் ஐயா குழி விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சோழன் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் குழிக்குள் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ராஜேந்திரன் வரும்போதே இது பழைய சேறா?"

ஆமாம் என்றேன். அப்படியென்றால் பலகையில் அதையே எழுதலாம் என்கிறார். கமிட்டி இன்னும் சம்மதிக்கவில்லை.

19 மார்ச்

குழியை மூடப் போகிறார்கள். நல்லது, இந்தத் தண்ணீர் யாருக்கும் ஆகாது, மேட்டுப் பக்கம் தோண்டச் சொல்லியிருக்கிறேன். வெளியே எடுத்துப் போட்ட நீலச் சேற்றை வெயிலில் விடாமல் முதலில் குழிக்கே திருப்பித் தள்ளச் சொன்னேன், ஏற்கெனவே ஓரத்தில் மஞ்சள் பூத்துவிட்டது. மூடுவதற்கு முன் சுவரோரம் ஒரு குழாய் இறக்கி எடுத்துக்கொண்டேன். வெளியே 92, உள்ளே 71. பழைய இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன், ஒரு ஜோடி கெராங்குக்கு வயது பார்த்துத் தர யாராவது இருப்பார்கள். தம்பி, குழாய் உங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது, யாரும் படுக்கப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பு இரண்டு இருக்கிறது.